மறு: ஷாஃப்ட் வளைந்து சுற்றுவதற்கு ஒரு சொல் வேண்டும்

பாலிடெக்னிக் ஆசிரியர், சேலம்
திங்களன்று பாடக்குறிப்பு அச்சுக்குப் போகிறது; ஒரு சொல்லில் நிற்கிறது. மெல்லிய ஷாஃப்ட் (சுழல்தண்டு) குறிப்பிட்ட வேகத்தில் வில்லாக வளைந்து, தானும் சுழன்றுகொண்டு, தன்னைத் தாங்கும் பேரிங்குகளை இணைக்கும் நேர்கோட்டையும் சுற்றிவரும். அந்த வேகத்தை ‘மாறுநிலை வேகம்’ என்கிறோம். நிகழ்வுக்கு, ஆங்கிலத்தில் ‘வர்லிங்’ என்பதற்கு? ‘வில்சுழற்சி’ எனலாமா?

மில் பராமரிப்பு, அம்மாப்பேட்டை
‘அதிர்வு’ன்னே போடுங்க சார். பேரிங் ஹவுசிங்ல சென்சார் வெச்சா சுற்றுக்கு ஒரு துடிப்புதானே தெரியுது? ஷெட்ல ‘ஷாஃப்ட் அடிக்குது’ன்னா முடிஞ்சது.

பாலிடெக்னிக் ஆசிரியர்
வெளியே வைத்தால் அப்படித்தான் தெரியும். ஷாஃப்டிலேயே ஸ்ட்ரெய்ன் கேஜ் (இழுபடுவதையும் அமுங்குவதையும் அளக்கும் கருவி) ஒட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் கனம் கூடிய சமநிலைக் குறைவால் வளைந்தால், வளைவும் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் போகும். தன் எடையால் வரும் தொய்வை ஒதுக்கினால், இழுபட்ட பக்கம் இழுபட்டபடியே இருக்கும். ஸ்கிப்பிங் கயிறு மாதிரி. அதிர்வில் இழுப்பும் அமுக்கமும் மாறி மாறி வரவேண்டுமே. ‘அடிக்குது’ இன்னும் மோசம். இரு ஷாஃப்டை இணைக்கும் கப்ளிங்கின் அலைன்மென்ட் (நேர்கோடு) போனாலும், பேஸ் போல்ட் தளர்ந்தாலும் அதே பேச்சுதான்; வைத்தியம் வேறு வேறு.

தமிழாசிரியர் (ஓய்வு), ஏற்காடு
‘கறங்கு’ இருக்கிறதே! கறங்குதல் என்றால் சுழலுதல், ஒலித்தல் இரண்டும். புறநானூற்றில் ‘கறங்குவெள் அருவி’. கறங்கோலை, ஓலைக் காற்றாடி. கறங்கு, கிறங்கு, கிறுகிறுப்பு... ‘கிறுக்கு’கூட இந்த வேர்தான் என்பது என் துணிபு. வேண்டுவோர்க்கு விரிவாக எழுதுகிறேன்.

டர்பைன் பொறியாளர், மேட்டூர்
ஐயா, அருவி அங்கே ஒலிக்கிறது, சுழலவில்லை. கிறுக்கைப் பிறகு பார்ப்போம். ஆனால் ‘வில்சுழற்சி’யைவிடக் கறங்கு மேல். காரணம், பேரிங்கிலுள்ள எண்ணெய்ப் படலம் தள்ளும்போது ஷாஃப்ட் வளையாமலே பேரிங்குக்குள் சுற்றும், சுழல்வேகத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாக, 0.42 முதல் 0.48 மடங்கு. அங்கே வில் ஏது? ‘எண்ணெய்க் கறங்கு’ பொருந்தும். சுழலும் திசையிலேயே போனால் முன்கறங்கு, எதிர்த்தால் பின்கறங்கு.

கணக்கையும் சேருங்கள் சார். 946-ஐ, ஷாஃப்டின் நடுவில் உள்ள ஒற்றை எடை தரும் தொய்வின் (மில்லிமீட்டரில்) வர்க்கமூலத்தால் வகுத்தால் மாறுநிலை வேகம். 0.1 மி.மீ. தொய்வுக்கு நிமிடத்துக்குச் சுமார் 2,990 சுற்று. 3,000 சுற்று இயந்திரத்தில் இந்த ஷாஃப்டை மாட்டினால் நேரே மாறுநிலையில் போய் உட்காரும். 20 சதவீதமாவது தள்ளி வைக்க வேண்டும். தாண்டியும் ஓட்டலாம், மாறுநிலை வேகத்திலேயே தங்கக் கூடாது, அவ்வளவுதான். மாறுநிலைக்குக் கீழே கனத்த பக்கம் வெளியே நிற்கும். தாண்டியதும் 180 பாகை திரும்பி உள்ளே வரும், நிறைமையம் சுழலச்சை நெருங்கும், ஆட்டம் அடங்கும். 1880களில் ஸ்வீடன் பொறியாளர் டி லாவல் தன் நீராவி டர்பைனுக்கு வேண்டுமென்றே ஒல்லி ஷாஃப்ட் போட்டு நிமிடத்துக்கு 30,000 சுற்றில் ஓட்டியது இதனால்தான்.

பாலிடெக்னிக் ஆசிரியர்
மூவர் கறங்குக்கு, மற்றவர்கள் மௌனம். முதல் பக்கத்தில் ‘வர்லிங் எனப்படும் கறங்கு’, பிறகு கறங்கு மட்டும்.

மில் பராமரிப்பு
எனக்குச் சம்மதமில்ல. பசங்க கேட்ட உடனே புரியாத சொல்லு. வைவாவில ‘அடிக்குது’ன்னு சொன்னா மார்க்கைக் குறைக்காதீங்க.

தமிழாசிரியர் (ஓய்வு)
பெயராக நின்றால் ‘கறங்கு’ காற்றாடியையும் குறிக்கும். நிகழ்வுக்குத் தொழிற்பெயர்தான் முறை: ‘கறங்கல்’. அச்சுக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறதல்லவா?