கயோட்டிதான் மான்களை அழிக்கிறதா? மச்சான் சொல்வதில் எவ்வளவு உண்மை?

திருமங்கலத்தான்

தென் கரோலினாவில் இருக்கும் எங்கள் மச்சான் லீவுக்கு ஊருக்கு வந்திருக்கிறார். இங்கே இருந்தவரை கறிக்கடை வாசலில் நிற்கவே முகம் சுளித்த ஆள், அங்கே போய் லைசென்ஸ் எடுத்து, ரைபிள் வாங்கி, ஆபீஸ் ஆட்கள் சிலரோடு சேர்ந்து ஒரு காட்டைக் குத்தகைக்குப் பிடித்து வருஷா வருஷம் மான் வேட்டைக்குப் போகிறார். எல்லாம் சட்டப்படிதான். அம்மாவுக்குத்தான் இன்னும் நம்பிக்கை வரவில்லை. "மான் கறின்னு சத்தமா பேசாதப்பா, ஃபாரஸ்ட்காரன் காதுல விழுந்துரும்" என்று அவர் பேச ஆரம்பித்தாலே எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வருகிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். அங்கே மான் வர வரக் குறைகிறதாம், காரணம் கயோட்டி என்கிறார். நரியைவிடப் பெரிது, ஓநாயைவிடச் சின்னது, மான்குட்டிகளைப் பிறந்த கையோடு தூக்கிவிடுகிறது என்கிறார். மரத்தில் கட்டிய கேமராவில் விழுந்த படங்களைப் போனில் காட்டினார். மே கடைசியில் வயிறு தொங்க நிற்கிற ஒரு பெட்டை மான், ஜூனில் மடி பெருத்து நிற்கிறது, ஜூலையில் மடி வற்றித் தனியாக நிற்கிறது. இடது காதில் ஒரு கிழிசல் இருப்பதால் மூன்று படத்திலும் அதே மான்தான் என்று தெரிகிறது. அடுத்த படத்தில் நடுராத்திரி ஒரு கயோட்டி வாயில் எதையோ கவ்விக்கொண்டு போகிறது. கண்ட இடத்தில் சுட்டுவிட வேண்டும் என்பது அவர்கள் கிளப்பில் எழுதாத சட்டம்.

எனக்கு ஒப்பவில்லை. எத்தனையோ ஆயிரம் வருஷமாக மானும் மானைத் தின்கிற மிருகமும் சேர்ந்துதானே இருந்திருக்கின்றன, இப்போது மட்டும் திடீரென்று எப்படிக் குறையும்? அதுவும் சீசன் வந்தால் லட்சக்கணக்கான பேர் துப்பாக்கியோடு காட்டுக்குள் போகிற நாட்டில் பழியை மட்டும் ஒரு நரி இனத்தின் மேல் போட்டால் எப்படி? நரியைப் பரியாக்கிய ஊர்க்காரன் என்பதால் எனக்கு நரிமேல் கொஞ்சம் பாசம் கூடத்தான். தெரிந்தவர்கள் சொல்லுங்கள், மச்சான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

கேகேநகர்_கண்ணன்

பென்சில்வேனியாவில் பல வருஷம் குப்பை கொட்டிவிட்டு வந்தவன் என்பதால் இந்தப் பேச்சு எனக்குப் பழக்கம். அங்கே மான் சீசன் என்பது சித்திரைத் திருவிழா மாதிரி. நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிந்த திங்கட்கிழமைதான் 2018 வரை ரைபிள் சீசன் தொடங்கியது, பல ஊர்களில் பள்ளிக்கூடத்துக்கே லீவு விடுவார்கள் (2019இல் தொடக்கத்தைச் சனிக்கிழமைக்கு மாற்றியதற்கே பெரிய சண்டை நடந்தது). அந்த ஒரு மாநிலத்தில் மட்டும் இப்போது வருஷத்துக்கு 4 லட்சம் மானுக்கு மேல் சுடுகிறார்கள். இவ்வளவு சுட்ட பிறகும் "மானே இல்லை, எல்லாம் கயோட்டி தின்றுவிட்டது" என்று புலம்புகிறவரை ஒவ்வொரு பெட்ரோல் பங்கிலும் பார்க்கலாம்.

ஆனால் வேட்டைக்காரர்கள் எல்லோரும் ஒரே மாதிரி பேசுவதில்லை. ஒரு கூட்டம் கயோட்டியைக் கண்டாலே சுடும், அதற்கு அங்கே மூடிய சீசனே கிடையாது, வருஷம் முழுக்கச் சுடலாம். கார் இன்சூரன்ஸ் கம்பெனிகள்தான் மான் மோதும் விபத்துகளைக் குறைக்கக் கயோட்டியைக் கொண்டுவந்து விட்டன என்று ஒரு கதை உண்டு, சத்தியம் பண்ணிச் சொல்வார்கள், சுத்தப் பொய். இன்னொரு கூட்டத்துக்கு கயோட்டி என்றால் மான் சீசன் முடிந்த பிறகு பனியில் உட்கார்ந்து, முயல் கத்துகிற சத்தத்தை ஸ்பீக்கரில் போட்டு வரவழைத்துச் சுடுகிற விளையாட்டு, அது ஒழிந்துவிட்டால் இவர்களுக்குத்தான் வருத்தம். சோளமும் சோயாவும் போட்டு அதை மானுக்குப் பறிகொடுக்கிற விவசாயியைக் கேட்டால் "இன்னும் நாலு கயோட்டி வரட்டும்" என்பார்.

இதில் வேடிக்கை என்னவென்றால் பென்சில்வேனியாவில் 2000, 2001இல் மான்குட்டிகளுக்குக் கழுத்துப்பட்டை மாட்டிப் பின்தொடர்ந்து பார்த்தபோது, கிட்டத்தட்ட கயோட்டி அளவுக்கே கருங்கரடியும் குட்டிகளைத் தின்றிருந்தது. கரடியை யாரும் திட்டுவதில்லை. கரடி சுட்டால் தோலைச் சுவரில் மாட்டிப் பெருமைப்படலாம் இல்லையா, அதனால்.

காட்டுப்பூச்சி

நான் வனவிலங்கு அறிவியல் படித்தவன். கேமராவில் மச்சான் பார்த்தது பொய்யில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் இருக்கிற தென் கரோலினாவில்தான் இதை நன்றாகவே ஆராய்ந்திருக்கிறார்கள், சவன்னா ரிவர் சைட் என்ற அணுசக்தி வளாகத்தைச் சுற்றியுள்ள காட்டில். சினையான பெட்டை மானுக்குள் ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டரை வைத்துவிடுவார்கள், குட்டி விழும்போது அதுவும் சேர்ந்து விழுந்து சிக்னல் மாறும். உடனே போய்த் தேடினால் குட்டி புல்லுக்குள் அசையாமல் சுருண்டு கிடக்கும். முதல் சில வாரம் அதற்கு ஓடத் தெரியாது, படுத்துக் கிடப்பதுதான் தற்காப்பு, தாய் பால் கொடுக்க மட்டும் வந்து போகும். அந்தக் குட்டிக்கு வளர வளர விரியும் கழுத்துப்பட்டை மாட்டிவிட்டு, செத்துப்போனால் காயத்தில் ஒட்டியிருக்கும் எச்சிலைப் பஞ்சில் எடுத்து டிஎன்ஏ பார்த்து எந்த மிருகம் கடித்தது என்று கண்டுபிடிப்பார்கள். அப்படிப் பார்த்ததில் 100 குட்டி பிறந்தால் 16 வாரத்தில் சுமார் 23தான் மிச்சம், செத்தவற்றில் பெரும்பாலானவை கயோட்டி வாயில்.

சரி, அப்போது கயோட்டியைக் கொன்றால் தீர்ந்ததா? அதையும் அதே காட்டில் செய்து பார்த்தார்கள். மூன்று வருஷத்தில் 474 கயோட்டிகளைப் பிடித்துக் கொன்றார்கள். முதல் வருஷம் நூற்றுக்கு 51 குட்டி பிழைத்தது. அடுத்த வருஷமே 20க்கு விழுந்தது, மூன்றாம் வருஷம் 43. ஒரு காட்டைக் காலி செய்தால் பக்கத்துக் காட்டில் இடம் கிடைக்காமல் அலைகிற இளவட்டங்கள் வந்து நிரப்பிவிடுகின்றன. வருஷத்துக்கு முக்கால்வாசியைக் கொன்றுகொண்டே இருந்தால்தான் எண்ணிக்கை இறங்கும் என்று 1970களிலேயே கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

"ஆயிரம் வருஷமாகச் சேர்ந்துதானே இருக்கின்றன" என்ற கேள்வி அங்கே பொருந்தாது. கயோட்டி அமெரிக்காவின் மேற்குச் சமவெளி மிருகம். கிழக்கே இருந்த ஓநாய்களை மனிதர்கள் ஒழித்த பிறகு காலியான இடத்துக்கு அது வந்தது. தென் கரோலினாவில் முதலில் தென்பட்டது 1978இல், அதுவும் வேட்டைநாய் விட்டுத் துரத்தி விளையாடுவதற்காகச் சிலர் சட்டவிரோதமாகக் கொண்டுவந்து விட்டதால். அதற்கு முன் பல பத்தாண்டுகள் அந்த மான்கள் குட்டி தின்னும் பெரிய எதிரி இல்லாமலே பெருகின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாடு முழுக்க 5 லட்சத்துக்குள் சுருங்கிப்போன வெள்ளைவால் மான் இன்று சுமார் 3 கோடி. அந்தப் பெருக்கத்தைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு அதுதான் இயல்பு, கொஞ்சம் இறங்கினாலே அழிவு மாதிரி தெரிகிறது.

இன்னொன்று. கிழக்கு மாநிலங்கள் ஆறில் 384 கவுண்டிகளின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) வேட்டைக் கணக்கை 1981 முதல் 2014 வரை எடுத்து, கயோட்டி வந்ததற்கு முன் பின் என்று ஒப்பிட்ட ஆய்வு 2019இல் வந்தது. அந்த அளவில் பார்த்தால் கயோட்டியால் மான் குறைந்ததற்குத் தடயமே இல்லை.

எழுமலை விவசாயி

நீங்கள் அமெரிக்கா பேசுங்கள், நான் என் தோட்டத்தைப் பேசுகிறேன். எங்கள் சிறு வயதில் பொழுது சாய்ந்தால் மலையடிவாரத்தில் நரி ஊளை கேட்கும், கிடை போட்டவர்கள் குட்டி ஆடுகளைக் கூடு கவிழ்த்து மூடி வைப்பார்கள். இப்போது ஊளையும் இல்லை, நரியும் இல்லை. மயில்தான் ஊரெல்லாம். விதைத்த கடலையைப் பின்னாலேயே கிளறிக்கொண்டு வருகிறது, நரி இருந்தவரை முட்டையைத் தின்று ஒரு கட்டுக்குள் வைத்திருந்தது என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. பன்றியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2025 ஜனவரியில் அரசாங்கம் காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு வெளியே வருகிற பன்றியை வனத்துறையே சுடலாம் என்றது, எங்கள் நிலமெல்லாம் காட்டை ஒட்டி, எங்களுக்கு அதில் என்ன லாபம்?

மச்சானுக்கு வேண்டாத நரி எனக்கு வேண்டும். இங்கே அனுப்பி வைக்கச் சொல்லுங்கள்.

காட்டுப்பூச்சி

எழுமலை அண்ணே, மயில் பெருகியதற்கு நரி மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. தரிசு நிலமும் கருவேலமும் பெருகி அதற்கு ஒதுங்க இடம் கொடுத்தன, அடித்தால் வழக்கு என்ற பயமும் இருக்கிறது. "நரி போனது, மயில் வந்தது" என்பதும் "கயோட்டி வந்தது, மான் போனது" என்பதும் ஒரே வகைக் கணக்குதான். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் கோவேறு மான் (mule deer) என்ற இன்னொரு வகை மான்களை வைத்துப் பார்த்தபோது, முயலும் எலியும் நிறைய இருந்த வருஷத்தில் கயோட்டியைக் கொன்றாலும் குட்டிகளுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை, அவை குறைந்த வருஷத்தில்தான் வித்தியாசம் தெரிந்தது. மொத்த எண்ணிக்கையை முடிவு செய்தது பெரும்பாலும் பனிக்காலம்.

திருமங்கலத்தான்

மச்சான் போனைப் பிடுங்கிக்கொண்டார். இனி அவர் பேசுவது:

384 கவுண்டி சராசரியை வைத்து நான் என்ன செய்ய? நான் குத்தகை கட்டுவது ஒரே ஒரு காட்டுக்கு. அந்தக் காட்டில் குட்டி இல்லை. விடியற்காலை இருட்டில் மரத்தின் மேல் ஏறி, கை விறைக்க உட்கார்ந்து, ஒன்றும் வராமல் இறங்குகிற ஆளுக்கு மாநிலத்தில் மான் நிறைய இருக்கிறது என்றால் கோபம்தான் வரும். எங்கள் மாநில வனவிலங்குத் துறையே 2016 முதல் வருஷத்துக்கு 16 கயோட்டிகளுக்குக் காதில் பட்டை மாட்டி விடுகிறது, அதில் ஒன்றைச் சுட்டால் ஆயுள் முழுக்க வேட்டை லைசென்ஸ் இலவசம். பிரச்சினை இல்லை என்றால் எதற்கு இந்தப் பரிசு? எங்களுக்கு அந்த மிருகத்தின் மேல் வெறுப்பு இல்லை தம்பி. ராத்திரி அது கூட்டமாகக் கத்தும்போது கேட்டுக்கொண்டே இருக்கலாம் போல இருக்கும். ஆனால் ஃப்ரீசரில் கறி இருக்க வேண்டும் இல்லையா?

காட்டுப்பூச்சி

அண்ணே, உங்கள் காட்டில் குறைந்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்லுங்கள், உங்கள் கிளப்பில் போன சீசனில் எத்தனை பெட்டை மான் சுட்டீர்கள்? கிடாவைச் சுட்டால் அடுத்த வருஷக் குட்டிகள் குறையாது, மிச்சம் இருக்கிற கிடாக்களே போதும். பெட்டையைச் சுட்டால் அதோடு அதன் குட்டிகளும் போயின. மான் மிஞ்சிப்போன காலத்தில் "பெட்டையைச் சுடுங்கள், கூட்டத்தைக் குறையுங்கள்" என்று துறைகளே கெஞ்சின, அந்தப் பழக்கம் இன்னும் பலருக்கு விடவில்லை. கயோட்டி வந்து குட்டிகள் பிழைப்பது பாதியானால், பழைய கணக்கில் பெட்டையைச் சுட முடியாது. சவன்னா ரிவர் ஆய்வைச் செய்தவர்களும் இதைத்தான் எளிய வழியாகச் சொன்னார்கள். உங்கள் கையில் இருக்கிற ஒரே நிச்சயமான பிடி அதுதான், கயோட்டியின் வாயை நீங்கள் கட்ட முடியாது.

அப்புறம், மான் சீசனில் மரத்தின் மேல் இருக்கும்போது எதிர்ப்பட்ட கயோட்டியைச் சுடுவதால் அநேகமாகப் பயனில்லை. அக்டோபரில் ஒன்றைச் சுட்டால் மே மாதம் குட்டி விழுவதற்குள் அந்த இடத்துக்கு வேறொன்று வந்துவிடும். செய்வதென்றால் குட்டி விழுவதற்குக் கொஞ்சம் முன்னால், அனுமதி வாங்கிப் பொறி வைத்து, பக்கத்து நிலக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு, வருஷா வருஷம் செய்ய வேண்டும்.

மேலூர்_பாண்டி

இவ்வளவு நேரம் படித்துவிட்டு ஒன்று கேட்கத் தோன்றுகிறது. நம் பக்கம் மானைக் கொல்வது எது? நரியா? கோடையில் காட்டுக்குள் தண்ணீர் வற்றினதும் புள்ளிமான் கண்மாயைத் தேடி இறங்குகிறது, தெருநாய்கள் கூட்டமாகத் துரத்துகின்றன, பயந்து ஓடிக் கிணற்றில் விழுகிறது அல்லது வேலியில் சிக்கிக்கொள்கிறது. எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் ஒன்றைப் பார்த்தேன். பின்னங்கால் தொடை மட்டும் கிழிந்திருந்தது, வேறு எங்கும் கடி இல்லை, தின்னவும் இல்லை, நாய்கள் கொஞ்ச தூரம் தள்ளிப் படுத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. கயோட்டியாவது பசிக்குத் தின்கிறது. இந்த நாய்களுக்குக் கல்யாண மண்டபத்து எச்சில் இலையும் கறிக்கடைக் கழிவும் போட்டு வளர்ப்பது நாம்தான். கண்மாயில் ஒரு மடை ஓரமாவது தண்ணீர் நிற்க விட்டு, குப்பையை ஊருக்கு வெளியே காட்டுப் பக்கம் கொட்டாமல் இருந்தாலே பாதி மான் பிழைக்கும். துப்பாக்கியே வேண்டாம்.

திருமங்கலத்தான்

பாண்டி சொன்னதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன், "இதைத்தான் நானும் சொல்றேன்" என்றார், என்ன சொன்னார் என்று எனக்கு நினைவில்லை.

மச்சான் பெட்டை மான் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லவில்லை, ஆனால் கிளப் குரூப்பில் இந்தப் பொறி யோசனையைப் போட்டுப் பார்த்தார். அங்கே விடிந்ததும் ஒருவர் மட்டும் பதில் போட்டிருக்கிறார்: ஏப்ரலில் வான்கோழி சீசன், அந்த நேரத்தில் பொறி வைத்து தினமும் போய்ப் பார்க்க யாருக்கு நேரம் என்று.