பாட்டியின் குரல் உள்ள பழைய கேசட்: யோசனை சொல்லுங்கள்

வணக்கம். போன மாதம் எங்கள் பாட்டி காலமானார். விடியுமுன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வயலுக்குப் போய், இருட்டியபின் திரும்பியவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்த வயலில் எந்த வருஷம் கிணறு வற்றியது என்று வரிசையாகச் சொல்வார். அவர் வாழ்க்கையைப் பேரப்பிள்ளைகளுக்காகச் சின்னப் புத்தகமாக்க அம்மா ஆசைப்படுகிறார்.

கையில் இருப்பது ஒரு 60 நிமிடக் கேசட். மாமா எப்போதோ பதிந்தது. பாட்டி பேசுவதும், நடுவில் கோழியை விரட்டுவதும் அதில் இருக்கிறது (எனக்கு அந்தக் கோழிப் பகுதிதான் முக்கியம்!). உள்ளே நாடாவை அழுத்தும் பஞ்சுத் துண்டு விழுந்துவிட்டதால் குரல் மங்கலாகக் கேட்கிறது. திருகாணி உள்ள வேறு கேசட் கூட்டுக்கு நாடாவை மாற்றலாமாம். வீட்டிலேயே செய்தவர்கள் இருக்கிறீர்களா? அறுந்துவிடுமோ என்று கை நடுங்குகிறது. கணினியில் ஏற்றும்போது எம்பி3 வேண்டாம், சுருக்காத வேவ் கோப்பாகவே வைக்கப்போகிறேன்.

அப்புறம், அவருடைய ஒரே கல்யாணப் படம் சட்டக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. உரிக்கப் போவதில்லை, கண்ணாடியோடு 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்ய எண்ணம். வெளிச்சம் பிரதிபலிக்காமல் எடுக்க வழி உண்டா?

பிறந்த வருஷமும் தெரியாது. "பெரிய வெள்ளத்துக்கு அடுத்த அறுப்பில் பிறந்தேன்" என்பார், அவ்வளவுதான். இப்படிப்பட்ட துப்பை வைத்து வருஷத்தைக் கண்டுபிடித்தவர்கள் எங்கே தேடினீர்கள் என்று சொல்லுங்கள்.