கேபிள் முனையிலிருந்து: பிரிட்டன் ஏர் கேடட் கிளைடர் பள்ளிகள்

பிரிட்டனில் இளைஞர்களுக்கு விமானப்படை சார்ந்த பயிற்சி தரும் ஏர் டிரெயினிங் கோர் 1941 பிப்ரவரியில் தொடங்கியது. அதில் சேர்ந்தவர்தான் கேடட். எஞ்சின் இல்லாத விமானமான கிளைடரில் பயிற்சியும் போர்க்காலத்திலேயே வந்துவிட்டது. ஆனால் இருவர் உட்காரும் பயிற்சிக் கிளைடர் கைவசம் இல்லை. ஸ்லிங்ஸ்பி நிறுவனம் மரத்திலும் துணியிலும் செய்த கர்பி கேடட் என்ற கிளைடரில் ஒரே இருக்கைதான். பையன் முதல் நாளே தனியாக ஏறி உட்கார வேண்டும்.

அதற்கேற்ற மாதிரி படிப்படியாகப் பழக்கினார்கள். கிளைடரைக் காற்றுக்கு எதிரே நிறுத்துவார்கள். இறக்கை நுனியைப் பிடித்திருப்பவர் கையை எடுத்ததும், ஸ்டிக்கை, அதாவது கட்டுப்பாட்டுக் கோலை, இடமும் வலமும் அசைத்து இறக்கையைச் சமமாக வைக்கப் பையன் பழகுவான். பிறகு தூரத்தில் இருந்து கேபிளைச் சுருட்டிக் கிளைடரை இழுக்கும் வின்ச் பொறி மெதுவாக இழுக்க, தரையோடு சறுக்கல். அது நேராக வந்தால் சில அடி உயரத்துக்குச் சிறு தாவல். அதன்பின் உயரத் தாவல், கேபிளை விடுவித்து இறங்குதல். 30 விநாடி நேராகப் பறந்து ஒழுங்காக இறங்கினால் 'ஏ' சான்றிதழ்.

இங்கே உண்மையான ஆசிரியர் வின்ச் ஓட்டுநர்தான். பயத்தில் பையன் ஸ்டிக்கை வயிற்றோடு இழுத்துக்கொண்டால் மூக்கு விறுவிறுவென மேலே போகும். அந்த நேரத்தில் வின்ச்சைப் பட்டென நிறுத்தினால் வேகம் செத்துக் கிளைடர் விழுந்துவிடும். அதனால் விசையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைப்பார். மூக்கு தானாகத் தாழ நேரம் கொடுக்க வேண்டுமே.

* * *

மேலே எழுதிய அண்ணன் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். 1950களில்தான் முறை மாறியது. செட்பர்க் என்ற டி.21, கேடட் மார்க் 3 என்ற டி.31 என இரண்டு இரட்டை இருக்கைக் கிளைடர்கள் வந்து, பயிற்சியாளரும் கூடவே ஏற ஆரம்பித்தார். 1955-இல் பள்ளிகளைச் சீரமைத்து 600 வரிசையில் புது எண்கள் கொடுத்தார்கள். 'தன்னார்வ' என்ற சொல் பள்ளிகளின் பெயரில் பின்னாளில்தான் சேர்ந்தது. வேலை என்னவோ ஆரம்பத்திலிருந்தே வார இறுதியில் சம்பளமில்லாமல் வருபவர்கள் தோளில்தான்.

இரண்டு கிளைடருக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. டி.31-இல் பயிற்சியாளர் பின்னால், இறக்கைக்கு அடியில், ஏறத்தாழ எடைமையத்திலேயே உட்காருவார். அவர் இறங்கிப் பையன் தனியாகப் போனாலும் சமநிலை அதிகம் மாறாது. செட்பர்க்கில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில், எடைமையத்துக்கு முன்னால். அதனால் ஒல்லியான கேடட் தனியாகப் போகும்போது ஈய எடை வைத்துப் பூட்ட வேண்டும். மறந்தால் வால் கனத்து, மூக்கைத் தாழ்த்த ஸ்டிக் போதாமல் போகும். ஆனாலும் முதல் பாடத்துக்கு என் ஓட்டு செட்பர்க்குக்கே. பயிற்சியாளர் கையை நீட்டிக் காட்டலாம், பையனின் முகத்தையும் பார்க்கலாம்.

* * *

தம்பி, மேலே எழுதிய இருவரில் யாரும் தரை வேலையைப் பற்றி எழுதவில்லையே. கிளைடரை ஒரு முறை மேலே ஏற்றுவதற்குப் பின்னால் எத்தனை கை இருக்கிறது தெரியுமா?

கேபிள் முனையில் சிறு பாராசூட். கிளைடர் விடுவித்த பிறகு கேபிள் தாறுமாறாக விழாமல், வின்ச் அதைச் சுருட்டி எடுக்கும்வரை விரித்துப் பிடிப்பது அதுதான். அதற்குப் பிறகு 'வீக் லிங்க்'. சுமை மீறினால் இறக்கைக்குப் பதிலாக இது அறுந்து கொடுக்கும். ஒவ்வொரு வகைக் கிளைடருக்கும் தனி வலு, தனி நிறம். மாற்றிப் போட்டுவிட்டால் அது இருந்தும் பயனில்லை. கடைசியில் கொக்கியில் மாட்டும் இரட்டை வளையம்.

வின்ச் ஓட்டுநருக்குக் காட்டும் விளக்கு சைகையில், மெதுவாக விட்டு விட்டு எரிந்தால் கேபிளின் தொய்வை இழு. வேகமாக மின்னினால் முழு விசை. அணையாமல் எரிந்தால் நிறுத்து.

கேபிளைத் திரும்ப இழுத்து வரும் வண்டி சட்டென நின்றால், டிரம் தன் வேகத்தில் சுற்றிக்கொண்டே இருந்து கம்பி குருவிக்கூடு மாதிரி சிக்கிக்கொள்ளும். சிக்கெடுக்க அரை மணி போகும். அதைவிடக் கெட்டது, சிக்கலில் மடங்கிய கம்பி. கண்ணுக்கு நேராகத் தெரிந்தாலும் அடுத்த ஏற்றத்தில் அதே இடத்தில்தான் அறும்.

ஏற்றத்தின் நடுவே கேபிள் அறுந்தால் முதலில் மூக்கைத் தாழ்த்து. அடுத்து, வேகமானியில் இறங்கும் வேகம் வரும்வரை காத்திரு. விடுவிப்புக் குமிழை இரண்டு முறை இழு. அதற்கு அப்புறம்தான் நேரே இறங்குவதா, திரும்புவதா என்ற முடிவு. தப்பு நடப்பது இரண்டாவது படியில். மூக்கு தாழ்ந்ததுமே வேகம் வந்துவிட்டது என்று நினைத்து ஏர்பிரேக்கை (இறக்கையில் விரிந்து காற்றைத் தடுக்கும் தகடு) திறப்பதும், உடனே திரும்புவதும்தான் ஆபத்து. மூக்கு ஒரு நொடியில் தாழ்ந்துவிடும், வேகம் அதற்குப் பின்னால்தான் வரும்.

* * *

மரக் கிளைடர்கள் போய் 1980களில் கண்ணாடி இழையில் செய்த வைக்கிங் வந்தது. ஜெர்மனியின் குரோப் தயாரிப்பு. இன்னொரு பக்கம் எஞ்சின் வைத்த வெஞ்சர், 1990களில் விஜிலன்ட். எஞ்சின் இருந்தால் வின்ச் வேண்டாம், தரையில் ஆளும் குறைவு. ஆனால் கேபிள் மாட்டி, இறக்கை பிடித்து, சைகை கொடுத்துப் பழகும் வேலை அங்கே கேடட்டுக்குக் கிடைக்காது. அதைப் பெரிய இழப்பு என்றே சொல்வேன்.

2014 ஏப்ரலில் எல்லாம் நின்றது. 146 கிளைடர்களும் தரையில். பறக்கத் தகுதியானவை என்று உறுதி சொல்ல முடியாத நிலை. எந்தப் பாகம், எப்போது, யார் பழுதுபார்த்தது என்ற பதிவு முழுமையாக இல்லையென்றால், பார்வைக்கு நன்றாக இருக்கும் கிளைடரையும் பறக்கவிட முடியாது. 2016 மார்ச்சில் வந்த அறிவிப்பில், அப்போது ஸ்குவாட்ரன் என்று பெயர் மாறியிருந்த பள்ளிகளில் 10 மட்டுமே தொடரும் என்றார்கள். விஜிலன்ட் 2018-இல் ஓய்வுபெற்றது.

திரும்பத் தொடங்குவதும் சுலபமாக இல்லை. பறக்காமல் இருந்த பயிற்சியாளரை நேராகக் கேடட்டோடு அனுப்ப முடியாது. முதலில் அவர் வைக்கிங்கில் ஏறி, கேபிள் அறுந்தால் செய்ய வேண்டியதைத் திரும்பச் செய்து காட்ட வேண்டும். வின்ச் ஓட்டுநருக்கும் அப்படித்தான். கேடட்டின் முறை அதற்குப் பிறகுதான்.