பால்ம் (Palm) கையடக்கக் கருவியில் அப்பா வரைந்த படங்கள் கம்ப்யூட்டருக்கு வரமாட்டேன் என்கின்றன, உதவுங்கள்

செந்தூல்காரன் | இரவு 10.12
வணக்கம். அப்பாவின் பழைய பால்மில் படங்கள் இருக்கின்றன. அவற்றைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாகப் பார்க்க வேண்டும். கேபிள் மாட்டிவிட்டேன். திரையில் சிங்க் (கம்ப்யூட்டரோடு தகவல் பரிமாறும்) குறியைத் தட்டினால் கொஞ்ச நேரம் முயற்சி செய்துவிட்டு இணைப்பு இல்லை என்கிறது. தைப்பூசம் நெருங்கிவிட்டது, இந்த வாரத்துக்குள் வேண்டும். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

கிள்ளான்மணி | இரவு 10.20
என்ன மாடல்? என்ன கேபிள்? விண்டோஸா, மேக்கா? படம் என்றால் போட்டோவா, கையால் வரைந்ததா? எந்தச் செயலியில் வரைந்தார்? இதையெல்லாம் சொல்லாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது தம்பி.

கம்பிவேலை | இரவு 10.31
எனக்கு மாடல் தேவையில்லை, கேபிள்தான் பிரச்சினை. அந்தக் காலத்துப் பால்ம் பலவற்றின் கேபிளில் ஒன்பது பின் சீரியல் செருகிதான். இப்போதைய லேப்டாப்பில் அந்த ஓட்டையே இல்லை, ஆகவே நடுவில் யூஎஸ்பி மாற்றி ஒன்று போட்டிருப்பீர்கள். மலிவு மாற்றிகளில் போலிச் சிப் இருக்கும், புதிய விண்டோஸ் அதை ஏற்றுக்கொள்ளாது. டிவைஸ் மேனேஜரைத் திறந்து மஞ்சள் குறி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் எஃப்டிடிஐ நிறுவனத்தின் அசல் சிப் உள்ளதாக வேறு வாங்குங்கள். ஜாலான் பாசார் பக்கம் பழைய சாமான் கடைகளில் விசாரியுங்கள், லோ யாட் கணினி அங்காடியில் அலைய வேண்டாம்.

பழையபெட்டி | இரவு 10.58
1996இல் பைலட் 1000 வந்த நாளிலிருந்து இந்தக் கருவிகளோடு பழகியவன் நான். கேள்வி கேட்பதற்கு முன் அடிப்படையைத் தெரிந்துகொள்ள வேண்டும். பால்ம் ஓஎஸ்ஸின் உள்நினைவகத்தில் நீங்கள் நினைக்கிற மாதிரி கோப்பும் கிடையாது, ஃபோல்டரும் கிடையாது. எல்லாமே டேட்டாபேஸ், ஒரு ரெக்கார்டு 64 கேபிக்குள் அடங்க வேண்டும். ஜேபெக்கைத் தேடினால் கிடைக்காது. திரை 160க்கு 160, அதாவது 25,600 புள்ளி. கறுப்பு வெள்ளையில் ஒரு திரைப் படம் 3,200 பைட், நான்கு சாயலில் 6,400, பதினாறு சாயலில் 12,800. உங்கள் அப்பா டீல்பெயின்ட் என்ற வரையும் செயலி வைத்திருப்பார். அதன் பிடிபியை, அதாவது டேட்டாபேஸை, கம்ப்யூட்டருக்கு எடுத்துப் படமாக மாற்றினால் முடிந்தது. இது தெரியாமல் கேபிள், சிப் என்று பேசுவது வீண்.

கம்பிவேலை | இரவு 11.04
ஐயா, கேபிள் வேலை செய்யாமல் பிடிபி எப்படி வெளியே வரும்? அதைச் சொல்லுங்கள்.

செந்தூல்காரன் | இரவு 11.40
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். பின்பக்கம் எம்100 என்று இருக்கிறது. விண்டோஸ் லேப்டாப், மஞ்சள் குறி இல்லை. எல்லாம் கையால் வரைந்தவை, நோட் பேட் என்ற செயலியில். அப்பா காவடிக் கூடு கட்டுகிறவர். வளைவு, தோள்பட்டை, இடுப்புப் பட்டை எல்லாவற்றையும் குச்சியால் வரைந்து பக்கத்தில் அளவும் எழுதிவைத்திருக்கிறார். இப்போது கண் மங்கிவிட்டது, இவ்வளவு சின்னத் திரையில் தெரியவில்லை. பழைய அளவில் ஒரு கூடு கேட்டிருக்கிறார்கள். பேட்டரி குறைவு என்று வேறு காட்டுகிறது, காலையில் புதுசு போட்டுவிட்டு மறுபடி முயல்கிறேன்.

பினாங்குவாணி | இரவு 11.46
பேட்டரியைத் தொடாதீர்கள்! எம்100இல் படங்கள் இருப்பது ரேமில். அந்த இரண்டு டிரிபிள் ஏ பேட்டரிதான் அவற்றுக்கு உயிர். கழற்றினால் ஒரு நிமிடம் தாங்கும் என்பார்கள். அது உள்ளே இருக்கும் மின்தேக்கி புதிதாக இருந்தபோது. 2000இல் வந்த கருவி, இன்று அதை நம்பிக் கழற்றினால் அப்பாவின் கோடுகள் ஒன்றும் மிஞ்சாது.

முதலில் போன் கேமராவால் ஒவ்வொரு படத்தையும் எடுத்துவிடுங்கள். ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் எடுங்கள், அந்தத் திரைக்கு வெளிவெளிச்சம்தான் நல்லது. பின்விளக்கைப் போடாதீர்கள், அது பேட்டரியைத் தின்னும். படங்கள் போனில் பத்திரமான பிறகு கேபிளைப் பார்க்கலாம்.

கிள்ளான்மணி | இரவு 11.55
வாணி அக்கா சொல்வது சரி. சிங்க் முடிந்த பிறகு ரீசார்ஜ் பேட்டரி போட்டுவிடுங்கள், மாதாமாதம் வாங்க வேண்டியதில்லை.

கம்பிவேலை | நள்ளிரவு 12.03
இதைச் செய்யவே கூடாது. ரீசார்ஜ் பேட்டரி 1.2 வோல்ட், ஆல்கலைன் 1.5. ரீசார்ஜ் கடைசிவரை ஒரே அளவில் ஓடிவிட்டுத் திடீரென்று விழும். எச்சரிக்கை வந்து நீங்கள் கவனிப்பதற்குள் ரேம் காலி.

கிள்ளான்மணி | நள்ளிரவு 12.09
நான் பால்ம் 3இல் நான்கு வருடம் ரீசார்ஜ்தான் போட்டேன். ஒன்றும் போகவில்லை.

கம்பிவேலை | நள்ளிரவு 12.14
நீங்கள் தினமும் சிங்க் செய்திருப்பீர்கள். இவர் அப்பா செய்யவில்லை. வித்தியாசம் அங்கேதான்.

பழையபெட்டி | நள்ளிரவு 12.20
மாடலை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் டீல்பெயின்ட் பக்கம் போயிருக்க மாட்டேன். நோட் பேட் வேறு. லினக்ஸ் இருந்தால் பைலட்-லிங்க் தொகுப்பில் நோட் பேடுக்கென்றே ஒரு கருவி இருக்கிறது, படங்களைப் பிஎன்ஜி படக் கோப்பாகத் தரும்.

ஈப்போரேவதி | காலை 6.50
ஒரு விஷயம் கேட்கலாமா? அளவு எழுதியிருக்கிறார் என்றீர்களே, தமிழிலா?

செந்தூல்காரன் | காலை 7.15
ஆமாம், தமிழில்தான். எண் மட்டும் ஆங்கில எண்.

ஈப்போரேவதி | காலை 7.22
அதுதான் கேட்டேன். பால்மின் கிராஃபிட்டி எழுத்து முறையில் ஆங்கில எழுத்துதான் போகும், தமிழுக்கு வழியில்லை. நம் ஆட்கள் பலர் தமிழில் குறிப்பு வைக்கப் படமாகத்தான் வரைந்தார்கள். என் மாமாவும் கடன் கணக்கைக் குச்சியால்தான் எழுதினார். அது எழுத்தாக இல்லை, கோடாகத்தான் இருக்கும். தேடிப் பார்க்க முடியாது, ஆனால் கையெழுத்து அப்படியே இருக்கும். ஒன்றையும் அழித்துவிடாதீர்கள்.

பினாங்குவாணி | காலை 8.05
தம்பி, இப்போது சிங்க் விஷயம். சிங்க் செயலியைத் திறங்கள். நடுவில் ஒரு சின்னப் பட்டியல் இருக்கும். அதில் கேபிள் என்று இருக்கிறதா, ஐஆர் என்று இருக்கிறதா பாருங்கள். ஐஆர் என்று இருந்தால் அது தலைப்பக்கத்து அகச்சிவப்பு (ஐஆர்) கண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்கும், கேபிளை எட்டிக்கூடப் பார்க்காது. எந்தக் கேபிள் வாங்கினாலும் இதுதான் கதி. கணினியில் சிங்க் மேனேஜரிலும் கேபிள் மாட்டிய காம் போர்ட்டை (சீரியல் இணைப்பின் எண்ணை) சரியாகத் தேர்ந்தெடுங்கள். எண் பெரிதாக இருந்தால் டிவைஸ் மேனேஜரில் 3 அல்லது 4க்கு மாற்றுங்கள், பழைய மென்பொருள் பெரிய எண்ணோடு தகராறு செய்யும்.

கம்பிவேலை | காலை 8.30
நான் இன்னும் கேபிள் என்றுதான் சொல்வேன்.

கிள்ளான்மணி | காலை 9.02
வோல்ட் விஷயத்துக்கு வருகிறேன். பால்ம் 3 கையேட்டில்…

பினாங்குவாணி | காலை 9.05
மணி அண்ணே, அதற்குத் தனி இழை போடுங்கள். இங்கே படம் முதலில் வெளியே வரட்டும்.

செந்தூல்காரன் | மாலை 7.48
ஐஆர் என்றுதான் இருந்தது. முன்பு யாருடைய லேப்டாப்புக்கோ அப்படி அனுப்பியிருக்கிறார். கேபிளுக்கு மாற்றினேன், காம் 3, முதல் தடவையே போய்விட்டது. கணினியில் உள்ள பால்ம் டெஸ்க்டாப் 4 மென்பொருளில் நோட் பேட் பகுதியில் 41 படம். போனிலும் எடுத்துவைத்துவிட்டேன். பெரிதாக்கினால் கோடு மங்குகிறதே, என்ன செய்வது?

பழையபெட்டி | மாலை 8.01
முழு எண்ணால் மட்டும் பெருக்குங்கள், மென்மையாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். 160ஐ ஆறால் பெருக்கினால் 960. 1080 வரி டிவியில் மேலும் கீழும் கொஞ்சம் இடம் விட்டு உட்காரும். ஒவ்வொரு புள்ளியும் சதுரமாகத் தெளிவாகத் தெரியும். நன்றாகச் செய்தீர்கள்.

செந்தூல்காரன் | இரவு 9.37
டிவியில் போட்டேன். அப்பா எழுந்து கிட்டே போய்ப் பார்த்துவிட்டு 17ஆம் படம்தான் என்றார். தோள்பட்டை அளவை அவரே வாசித்துவிட்டார். எல்லோருக்கும் நன்றி. பேட்டரி இன்னும் மாற்றவில்லை.

பினாங்குவாணி | இரவு 9.41
படங்களை இன்னொரு இடத்திலும் நகல் வைத்துவிட்டு, இப்போது மாற்றுங்கள். ஆல்கலைன்.