டிவித் திரையின் நிஜ அகலத்தை எப்படி எடுப்பது?

வணக்கம். காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். ஆத்தங்குடித் தரைக்கல் போடும் ஒருவருக்கு விண்டோஸில் ஒரு மென்பொருள் செய்துகொண்டிருக்கிறேன். பைத்தான் மொழி, திரை வடிவமைக்க க்யூட் 6 (Qt) நூலகம். வாடிக்கையாளர் பூவையும் நிறத்தையும் தேர்ந்தெடுத்தால், 8 அங்குலக் கல் திரையிலும் அதே 8 அங்குலத்தில் தெரிய வேண்டும். "ஸ்கேல வச்சுப் பாத்தாலும் சரியா இருக்கணும் தம்பி" என்று சொல்லிவிட்டார்.

லேப்டாப்பில் சிக்கல் இல்லை. க்யூட்டில் திரையின் விவரம் தரும் க்யூஸ்கிரீனின் (QScreen) ஃபிசிக்கல்சைஸ், அதாவது திரையின் நிஜ அளவு, மில்லிமீட்டரில் வருகிறது, பிக்சலை அதால் வகுத்தால் போதும். விண்டோஸ் சொல்லும் டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற எண்) இதற்கு ஆகாது. ஸ்கேலிங் 125% என்றால் அது 120. திரையின் நிஜ அளவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

வம்பு கடையிலுள்ள 43 அங்குல டிவியில்தான். எச்டிஎம்ஐ வழியாக இணைத்தால் தன் அளவு 160 × 90 மி.மீ. என்கிறது! திரை தன்னைப் பற்றிக் கணினிக்கு அனுப்பும் இடிஐடி (EDID) தகவலில் 16:9 விகிதத்தை மட்டும் எழுதி வைத்திருக்கிறார்கள் போல. அந்தக் கணக்கில் 1920 பிக்சல் திரையில் ஒரு கல்லே 2438 பிக்சல் ஆகிறது.

ஏடிஎம் கார்டைத் (85.6 மி.மீ.) திரையில் வைத்து ஸ்லைடரை இழுத்து அளவைப் பொருத்தச் சொல்லலாம். சரி, அதை எந்தப் பெயரில் சேமிப்பது? க்யூஸ்கிரீன் தரும் டிவியின் சீரியல்நம்பர் காலியாக வருகிறது. விண்டோஸ் வைக்கும் டிஸ்ப்ளே1, டிஸ்ப்ளே2 என்ற பெயர்கள் கேபிளை மாற்றிச் செருகினால் மாறிவிடலாம். தயாரிப்பாளர், மாடல் இரண்டையும் சேர்த்தால் போதுமா? ஒரே மாடலில் இரண்டு டிவி இருந்தால்?

செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், கோட் துண்டு இருந்தால் இன்னும் நல்லது. மேக், லினக்ஸ் இப்போதைக்கு வேண்டாம்.