டாட்ஜ் ராம் கம்மின்ஸ்: டீசல் இன்ஜினுக்குப் பவர் ஏத்தினா ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் தாங்குமா?

பதிவு

1996–2002 ராம் பிக்கப், 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல் இன்ஜின், 47ஆர்இ-ங்கிற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். ட்யூனர் (இன்ஜின் பவரை ஏத்துற கருவி) மாட்டலாமான்னு யோசிக்கிறவங்க முதல்ல கம்பெனியே போட்ட கணக்கைப் பாருங்க. 1996-ல அதே 12 வால்வு இன்ஜின் மேனுவல் வண்டியில 215 ஹெச்பி, ஆட்டோமேட்டிக்ல 180தான். 1998 நடுவுல வந்த 24 வால்வுலயும் மேனுவலுக்கு 235, ஆட்டோமேட்டிக்குக்கு 215. 2001-ல வந்த 505 பவுண்டு-அடி டார்க் (முறுக்கு விசை) தர்ற ஹை அவுட்புட் இன்ஜினை ஆறு கியர் மேனுவலோட மட்டும்தான் கொடுத்தாங்க. கியர்பாக்ஸுக்குப் பயந்துதான் இன்ஜினை அடக்கி வச்சிருக்காங்க.

கியர்பாக்ஸை அடிக்கிறது டார்க். ட்யூனர் மாட்டினதும் 1,600 ஆர்பிஎம் பக்கத்துலயே டார்க் குவியும். அந்த நேரம் ஓவர்டிரைவ்ல (கடைசி கியர்ல) லாக்-அப் பிடிச்சிருக்கும், அதாவது இன்ஜினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியா இணைக்கிற டார்க் கன்வர்ட்டரை உள்ள இருக்கிற கிளட்ச் நேரடியா பூட்டியிருக்கும். அந்த ஒத்தைத் தட்டு கிளட்ச்தான் முதல்ல வழுக்கும். பின்னாடி டிரெய்லர் இருந்தா இன்னும் சீக்கிரம்.

மறுமொழி

கன்வர்ட்டர் கிளட்ச் வழுக்குதான்னு கண்டுபிடிக்க வழி இருக்கு. சமதளத்துல 60 மைல் வேகம், ஓவர்டிரைவ், லாக்-அப் பிடிச்ச நிலை. பிரேக் பெடலை இடது காலால லேசா தொடுங்க, லாக்-அப் விட்டு ஆர்பிஎம் 200–300 டக்குன்னு ஏறும். காலை எடுத்தா திரும்ப இறங்கும். அந்த அசைவை மனசுல வச்சுக்கங்க. இப்ப ஆக்சிலரேட்டரை மெதுவா அழுத்துங்க. ஸ்பீடோமீட்டர் நகராம ஆர்பிஎம் மட்டும் வழவழன்னு மேல போனா, கிளட்ச் வழுக்குது.

24 வால்வு வண்டியில லாக்-அப் மாறி மாறிப் பிடிச்சு விட்டுக்கிட்டே இருந்தா உடனே கியர்பாக்ஸைக் கழட்டிடாதீங்க. ஆல்டர்னேட்டர் டயோடு போனாலும் கம்ப்யூட்டர் இப்படித்தான் குழம்பும். மல்டிமீட்டரை ஏசி-ல வச்சு, இன்ஜின் ஓடும்போது பேட்டரியில பாருங்க. 0.1 வோல்ட்டுக்கு மேல காட்டினா ஆல்டர்னேட்டரை முதல்ல மாத்துங்க. நல்ல கியர்பாக்ஸைப் பிரிச்சுப் போட்டவங்க நிறைய பேர்.

மறுமொழி

வரிசை முக்கியம்: முதல்ல வால்வ் பாடியும் (கியர்பாக்ஸுக்குள்ள எண்ணெயைப் பிரிச்சு அனுப்புற பாகம்) கன்வர்ட்டரும், அப்புறம்தான் ட்யூனர். வால்வ் பாடியில லைன் பிரஷரை (எண்ணெய் அழுத்தத்தை) கூட்டினா கியர்பாக்ஸோட கிளட்சும் பேண்டும் (டிரம்மைச் சுத்திப் பிடிக்கிற பட்டை) இறுக்கிப் பிடிக்கும். ஆனா பிரஷரை மட்டும் ஏத்திட்டு பழைய ஒத்தைத் தட்டு கன்வர்ட்டரையே வச்சிருந்தா அரைகுறை வேலை. மூணு தட்டு கன்வர்ட்டர் போடுங்க.

இந்த ரெண்டும் சரியா பிடிக்க ஆரம்பிச்சா சுமை அடுத்த பாகத்துக்குப் போகும்: முன் பேண்டைத் தாங்குற ஸ்ட்ரட், இன்ஜினையும் கன்வர்ட்டரையும் இணைக்கிற ஃப்ளெக்ஸ் பிளேட், கியர்பாக்ஸுக்குள்ள சுழற்சியைக் கொண்டு போற இன்புட் ஷாஃப்ட். ஸ்விட்ச் வச்சுக் கையால லாக்-அப் போடுறவங்க கவனிங்க: லாக் ஆன நிலையில முழு ஆக்சிலரேட்டர்ல கியர் மாறினா அந்த உதறலை வாங்குறது ஷாஃப்ட்தான். பில்லெட் ஷாஃப்ட் (முழு உலோகக் கட்டியில கடைஞ்ச உறுதியான ஷாஃப்ட்) இல்லாம அதைச் செய்யவே கூடாது.

கன்வர்ட்டர் தேய்ஞ்சு போயிருந்தா கழிவு முழுக்க கியர்பாக்ஸ் எண்ணெய் கூலருக்குள்ள உட்கார்ந்திருக்கும். கூலரைக் கழுவாம, இல்ல மாத்தாம, புது கியர்பாக்ஸ் மாட்டினா அதே அழுக்கு திரும்ப வால்வ் பாடிக்கே வந்து சேரும்.

மறுமொழி

கியர்பாக்ஸ் எண்ணெய் அளவு பார்க்கிறதுல நிறைய பேர் தப்பு பண்றாங்க. 47ஆர்இ-ல சூடான இன்ஜினை ஓடவிட்டு, ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரல்ல வச்சுப் பார்க்கணும். பார்க்ல கன்வர்ட்டருக்கு எண்ணெய் போகாது, அதனால அளவு கூடுதலா காட்டும். ஏடிஎஃப் பிளஸ் 4-ங்கிற கியர்பாக்ஸ் எண்ணெய் மட்டும் ஊத்துங்க.

பான் (கியர்பாக்ஸுக்கு அடியில இருக்கிற எண்ணெய்த் தட்டு) கழட்டும்போது அடியில மெல்லிசா கருப்புப் பொடி இருந்தா பரவாயில்ல. விரல்ல தேய்ச்சா மினுமினுக்கிற உலோகம் ஒட்டினா ட்யூனர் பேச்சையே எடுக்காதீங்க.

ஆக்சிலரேட்டர் அசைவைக் கியர்பாக்ஸுக்குக் கொண்டு போற த்ராட்டில் வால்வ் கேபிளையும் பாருங்க. தளர்ந்திருந்தா கியர் சீக்கிரமே மாறும், பிரஷரும் குறையும், சுமையில வழுக்கும். ஆக்சிலரேட்டரை முழுசா அழுத்தினா கியர்பாக்ஸ் பக்கத்து லீவர் கடைசி வரைக்கும் போகணும்; காலை எடுத்தா தொடக்க நிலைக்கே திரும்பி வரணும். ரெண்டையும் ஒருத்தர் உள்ள, ஒருத்தர் வண்டிக்கு அடியில இருந்து, இன்ஜினை அணைச்சுட்டுப் பாருங்க.