ஆட்டோமேஷன் போட்டும் பல்லவி ஏறவில்லை, அவசர உதவி தேவை

பனங்கிழங்கு:
நண்பர்களே, நாளை காலை பாட்டைக் கொடுத்தாக வேண்டும். சரணம் முடிந்து பல்லவி திரும்ப வரும் இடத்தில் கும்மென்று ஏற வேண்டும் என்று எல்லா டிராக்கிலும் வால்யூம் ஆட்டோமேஷன் (சத்தம் தானாக ஏறி இறங்க வரையும் கோடு) போட்டிருக்கிறேன். 2 டிபி (டெசிபல்) ஏற்றினேன், அப்புறம் 3 வரைகூட ஏற்றிப் பார்த்துவிட்டேன், கோடு அழகாக மேலே போகிறது, காதுக்கு ஒன்றுமே மாறவில்லை. முழுப் பாட்டும் ஒரே மட்டத்தில் சப்பென்று ஓடுகிறது. சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடரும் அசையவே இல்லை. என்ன செட்டிங் மாற்ற வேண்டும்?

மாடிவீட்டு மிக்ஸ்:
எந்த மென்பொருளில் மிக்ஸ் செய்கிறீர்கள்? எஃப்எல், கியூபேஸ், ஏபிள்டன் எல்லாவற்றிலும் ஆட்டோமேஷன் வேறு வேறு மாதிரி. அதைச் சொல்லாமல் செட்டிங் கேட்டால் நாங்கள் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

நள்ளிரவு பேஸ்:
ஏபிள்டன் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். கோடு வரைந்த பிறகு அந்த ஃபேடரை மவுஸால் ஒரு தடவை அசைத்திருப்பீர்கள், அதோடு ஆட்டோமேஷன் ஓவர்ரைடு ஆகி கோடு சாம்பல் நிறத்துக்குப் போய்விடும். மேலே ரீ-எனேபிள் ஆட்டோமேஷன் பட்டன் எரிகிறதா பாருங்கள். எரிந்தால் அமுக்குங்கள், முடிந்தது.

பனங்கிழங்கு:
ரீப்பர்.

தந்திக்கம்பி:
ரீப்பரில் ஃபேடர் அசையாதது கோளாறே இல்லை. டிராக் ட்ரிம்/ரீட் மோடில் இருந்தால் கோடு தன் வேலையைச் செய்யும், ஃபேடர் அதன் மேல் மொத்தமாக ஏற்ற இறக்க மட்டும் இருக்கும், அசையாது. ரீட் மோடுக்கு மாற்றினால் அசைவது தெரியும். ஆனால் சத்தமே மாறவில்லை என்கிறீர்களே, அதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும். நீங்கள் வரைந்த கோடு வால்யூம் என்வலப்பா, இல்லை வால்யூம் ப்ரீ-எஃப்எக்ஸா? இரண்டாவது என்றால் ஒலியை மாற்றும் பிளக்இன்களுக்கு முன்னாலேயே ஏற்றுகிறீர்கள், பின்னால் பெரிய சத்தத்தைக் குறைக்கும் கம்ப்ரஸர் உட்கார்ந்து அதை அமுக்கிவிடும். அது குறைக்கும் விகிதமான ரேஷியோ 4:1 என்றால், அது வேலையைத் தொடங்கும் மட்டமான த்ரெஷோல்டுக்கு மேலே இருக்கும் ஒலியில் 3 டிபி ஏற்றினாலும் வெளியே வருவது முக்கால் டிபிதான். அது யார் காதுக்கும் கேட்காது.

கன்சோல் காலம்:
இதற்குத்தான் மவுஸால் கோடு வரையாதே என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், யாரும் கேட்பதில்லை. ஆட்டோமேஷன் என்பது கையால் ஓட்டுவது. அந்தக் காலத்தில் கன்சோல் முன்னால் நாலு பேர் நின்று, ஆளுக்கு இரண்டு ஃபேடர் பிடித்து ஒரே மூச்சில் மிக்ஸை இறக்குவார்கள், ஒருவன் சொதப்பினால் மறுபடி முதலிலிருந்து. எழுபதுகளின் பிற்பாதியில் நீவ் நிறுவனத்தின் நெக்காம் வந்த பிறகுதான் மோட்டார் வைத்த ஃபேடர் தானாக அசைந்தது, அதிலும் முதலில் கை ஓட்டியதைத்தான் அது நினைவில் வைத்துக்கொண்டது. தம்பி, கோட்டைக் கண்ணால் பார்ப்பதை விட்டுவிட்டுக் காதால் கேட்கப் பழகுங்கள். அடிப்படை இல்லாமல் மிக்ஸ் செய்ய வந்தால் இப்படித்தான்.

மாடிவீட்டு மிக்ஸ்:
ஐயா, நெக்காம் எல்லாம் சரி. அவரிடம் இருப்பது லேப்டாப்பும் நாளைக் காலைக் கெடுவும். டச் மோடு போட்டு மவுஸால் ஃபேடரைப் பிடித்து ஓட்டினாலும் அதுவும் கோடாகத்தான் பதிவாகும். இந்தப் பிரச்சினைக்கும் கைக்கும் என்ன சம்பந்தம்?

கன்சோல் காலம்:
சம்பந்தம் இருக்கிறது. கையால் ஓட்டுபவன் சத்தம் ஏறவில்லை என்றால் அந்த நிமிடமே கண்டுபிடித்திருப்பான்.

நள்ளிரவு பேஸ்:
அவரும் கண்டுபிடித்துதானே இங்கே வந்து கேட்கிறார் 😀

ஈரக்காற்று:
பனங்கிழங்கு, எல்லா டிராக்கும் வந்து சேரும் மாஸ்டரில் என்னென்ன பிளக்இன் இருக்கிறது? எல்லா டிராக்கும் சேர்ந்து 3 டிபி ஏறியும் ஒன்றும் மாறவில்லை என்றால் எனக்குச் சந்தேகம் அங்கேதான்.

தந்திக்கம்பி:
ப்ரீ-எஃப்எக்ஸ் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை, அதை முதலில் பார்ப்போம்.

பனங்கிழங்கு:
வெறும் வால்யூம்தான், ப்ரீ இல்லை. மாஸ்டரில் லிமிட்டர் (சத்தம் ஒரு மட்டத்தைத் தாண்டாமல் பிடிப்பது) மட்டும். ரெஃபரன்ஸ் பாட்டு அளவுக்குச் சத்தம் வரவில்லை என்று போட்டேன். பல்லவியில் 8 டிபி வரை குறைப்பதாகக் காட்டுகிறது, சரணத்தில் 5 இருக்கும்.

ஈரக்காற்று:
உங்கள் எண்ணிலேயே விடை இருக்கிறது. நீங்கள் 3 டிபி ஏற்றினீர்கள், லிமிட்டர் கூடுதலாக அதே 3 டிபியை எடுத்துக்கொண்டது. சரணத்திலேயே பாட்டு கூரையில் தலை முட்டி நிற்கிறது, அதற்கு மேல் எம்பினால் எங்கே போகும்? ஆட்டோமேஷன் ஒழுங்காக வேலை செய்கிறது. லிமிட்டரை பைபாஸ் செய்துவிட்டு, அதாவது வேலை செய்யாமல் நிறுத்திவிட்டுக் கேளுங்கள், மாஸ்டர் சிவப்பு காட்டினால் ஃபேடரைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளுங்கள். பல்லவி ஏறுவது உடனே கேட்கும்.

அதற்கப்புறம் பல்லவியைத் தொடாதீர்கள், ஏற்றிய 3 டிபியை எடுத்துவிடுங்கள். சரணத்தை ஒன்றரை டிபி இறக்குங்கள், அதுவும் ஒரே வெட்டாக வேண்டாம், முதல் பல்லவி முடிந்து வரும் இன்டர்லூடில் மெதுவாக நழுவட்டும், கேட்பவருக்குத் தெரியக் கூடாது. லிமிட்டர் அதிகபட்சம் 2, 3 டிபி பிடிக்கிற அளவுக்குத் தளர்த்துங்கள்.

இன்னொன்று. எல்லா டிராக்கையும் ஒரே அளவு ஏற்றினால் மிக்ஸின் பேலன்ஸ் அப்படியேதான் இருக்கும், எதுவும் புதிதாக முன்னால் வராது. பாட்டில் அசைவு வேண்டுமென்றால் வால்யூமை விட மற்றவைதான் அதிகம் உதவும். சரணத்தில் பேடுக்கு (பின்னணியில் நீண்டு ஒலிக்கும் கீபோர்டு ஒலி) உயர் அதிர்வெண்களை வெட்டும் லோ-பாஸ் ஃபில்டர் போட்டு 2 கிலோ ஹெர்ட்ஸ் பக்கம் மூடி வையுங்கள், சரணத்தின் கடைசி நாலு பாரில் அதைத் திறந்துகொண்டே வாருங்கள். கோரஸ் குரல்களை சரணத்தில் நடுப்பக்கமாக ஒடுக்கி வைத்து, பல்லவியில் இரண்டு ஓரத்துக்கும் விரியுங்கள். பல்லவிக்கு முந்தைய கடைசி பீட்டில் கிக்கையும் பேஸையும் மியூட் செய்து பாருங்கள். அந்த ஒரு பீட் வெற்றிடம் 3 டிபியை விடப் பெரிய வேலை செய்யும்.

மாடிவீட்டு மிக்ஸ்:
சரணத்தின் கடைசிச் சொல்லுக்கு மட்டும் டிலே (எதிரொலி) தெறிக்க விட்டாலும் நன்றாக இருக்கும். ஆனால் எதிரொலி எவ்வளவு கேட்க வேண்டும் என்று வைக்கும் டிலேயின் வெட் குமிழை ஆட்டோமேட் செய்யாதீர்கள், கீழே இறக்கிய நொடியில் வாலும் அறுந்துவிடும். டிலேக்குள் குரலை அனுப்பும் சென்டை ஏற்றி இறக்குங்கள், எதிரொலி தானாகத் தேய்ந்து முடியும்.

நள்ளிரவு பேஸ்:
இவ்வளவு எதற்கு, மாஸ்டர் ஃபேடரையே பல்லவியில் ஏற்றிவிட்டால்?

தந்திக்கம்பி:
ரீப்பரில் மாஸ்டர் ஃபேடர் பிளக்இன்களுக்குப் பின்னால் வருகிறது. லிமிட்டர் போட்ட கூரையைத் தாண்டி ஏறும், கிளிப் ஆகும், அதாவது ஒலி சிதையும். சரணத்தில் இறக்குவதற்கு வேண்டுமானால் அது சரிப்படும்.

மாடிவீட்டு மிக்ஸ்:
எப்படியும் யூடியூபும் ஸ்பாட்டிஃபையும் மைனஸ் 14 லஃப்ஸ் (பாட்டின் சராசரிச் சத்தத்தை அளக்கும் அலகு) பக்கம் குறைத்துத்தான் ஒலிபரப்பும். 8 டிபி நசுக்கி யாருக்கு லாபம்?

நள்ளிரவு பேஸ்:
தயாரிப்பாளர் யூடியூபில் கேட்பதில்லை, நான் அனுப்பும் ஃபைலை போனில் போட்டு, அதற்கு முன் வேறொருவர் அனுப்பியதோடு ஒப்பிடுவார். அங்கே மைனஸ் 14 கொடுத்தால் "என்ன தம்பி சத்தமே இல்லை" என்பார். இந்த லஃப்ஸ் கணக்கெல்லாம் சொந்த சேனலில் போடுகிறவர்களுக்கு.

மாடிவீட்டு மிக்ஸ்:
நான் மைனஸ் 14-க்கே கொண்டுவரச் சொல்லவில்லை. 9, 10-ல் நிறுத்தினாலும் போனில் கணீரென்றுதான் இருக்கும், பல்லவிக்கும் இடம் இருக்கும். நீங்கள் 6-க்குத் தள்ளுகிற ஆள்.

கன்சோல் காலம்:
டேப்பில் இந்தச் சண்டையே கிடையாது.

நள்ளிரவு பேஸ்:
ஆமாம் ஐயா, டேப்பில் வேறு சண்டை. ஹிஸ் சத்தம் என்று ஒன்று இருந்ததே.

ஈரக்காற்று:
இரண்டு பேர் சொல்வதும் நடைமுறைதான். நான் வாடிக்கையாளர் கேட்க லிமிட்டர் இறுக்கிய ஒரு கோப்பும், வெளியீட்டுக்குத் தளர்த்திய ஒரு கோப்பும் தனித்தனியாகத் தருகிறேன். பெயரை மட்டும் தெளிவாக வையுங்கள், இல்லாவிட்டால் இறுக்கியதுதான் வெளியாகும்.

பனங்கிழங்கு:
சரணத்தை இறக்கினேன், லிமிட்டரையும் தளர்த்தினேன். இப்போது ஏறுகிறது. ஃபில்டரும் போட்டேன். அனுப்பிவிட்டேன், எல்லோருக்கும் நன்றி.

தந்திக்கம்பி:
நல்லது. கடைசியில் லிமிட்டர் எவ்வளவு குறைக்கிறது, சரணத்தை எத்தனை டிபி இறக்கினீர்கள் என்பதையும் எழுதிவிடுங்கள், பின்னால் தேடி வருபவர்களுக்கு உதவும்.

மாடிவீட்டு மிக்ஸ்:
ஆள் தூங்கப் போயிருப்பார். நள்ளிரவு பேஸ், அந்த 6 லஃப்ஸ் மிக்ஸ் ஒன்றைப் போடுங்கள், இங்கேயே மீட்டரில் வைத்துப் பார்த்துவிடலாம்.